படகுக்கு வந்த காய்ச்சல்

இனி மெக்கானிக் வாசலை மிதிப்பதில்லை என்று காதர் மைதீன் சபதம் எடுத்தார். குவைத்தின் ஃபஹாஹீலில் பாதிப் பேருக்குத் தெரியும்படி எடுத்த சபதம். கம்பெனியில் அவர் ஸ்டோர்கீப்பர். இருபது வருஷத்தில் ஒரு நட்டு தொலைந்ததில்லை என்பதைக் கேட்டவர்களுக்கும் சொல்வார், கேட்காதவர்களுக்கும் சொல்வார். அப்படிப்பட்ட மனுஷன் ஒரு எஞ்சினுக்குப் பயப்படுவாரா?

எஞ்சின் இருப்பது போட்டுக்குள். போட் இருப்பது கஃபீல் பேரில், அதாவது விசா கொடுத்த அரபி முதலாளி பேரில். ஓட்டுவது மட்டும் காதர் மைதீனும் அவர் கூட்டாளி சாகிரும். டிசம்பர் குளிரில் கரையேற்றி மூடி வைத்துவிட்டு, மார்ச் கடைசியில் இறக்குவார்கள். இந்த வருஷம் இறக்கிப் பத்து நிமிஷம் ஓடவில்லை, சூட்டு முள் சிவப்பில் போய் ஒட்டிக்கொண்டது. கடல்தண்ணியை உறிஞ்சி, சூட்டைத் தணித்துக்கொண்டு, பின்பக்கம் துப்ப வேண்டிய எஞ்சின் அது. துப்பியதென்னவோ வெறும் ஆவி.

காதர் மைதீன் யூடியூபைத் திறந்தார். தண்ணி பம்புக்குள் இருந்த ரப்பர் சக்கரத்தை மாற்றினார். அது கருகியது. இன்னொன்று போட்டார். அதுவும் கருகியது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக் கொதிநீரில் போட்டுச் சோதித்தார், வீட்டில் டீ போடுகிற பாத்திரத்தில். தண்ணி உள்ளே வரும் வழியில் ஒரு வடிகட்டி டப்பா உண்டு, அதைத் திறந்து பார்க்கலாமே என்றான் சாகிர். அதை டிசம்பரில் என் கையால் கழுவி மூடினேன், நான் மூடினதைத் திறந்து பார்க்கிற வழக்கமே கிடையாது என்று காதர் மைதீன் அவன் வாயையும் மூடினார்.

வீட்டில் வேறொரு சண்டை நாலு மாசமாக ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய நீலக் கட்டம் போட்ட கைலியைக் காணோம். கீழக்கரையிலிருந்து கொண்டுவந்தது, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆனது. அதைக் கட்டினால்தான் அவருக்குத் தூக்கமே வரும். மனைவி ஹபீபுன்னிசா அதைத் தரை துடைக்கப் போட்டுவிட்டாள் என்பது அவர் கட்சி. அவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்றுக்கு ஒன்பது பேசுகிறவள் வாயை மூடிக்கொண்டால் குற்றம் உறுதி என்று அவர் தீர்ப்பே எழுதிவிட்டார்.

அவளுக்கோ வேறு கவலை. குவைத்துக்கு வந்து ஒன்பது வருஷம். ஜன்னலைத் திறந்தால் கடல், கடலில் புருஷன் ஓட்டுகிற போட். ஒருநாள்கூட ஏறியதில்லை. கேட்டால் டீசல் வாடை ஆகாது என்பார், வாந்தி வரும் என்பார், அடுத்த சீசன் பார்க்கலாம் என்பார். ஒன்பது சீசனும் இப்படியே போனதில் அவளுக்கு மனசு விட்டுப்போயிருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் சாகிரும் அவன் மனைவி ஸஹ்ராவும் வந்திருந்தார்கள். சனிக்கிழமை மீன் பிடிக்கப் போவதாகத் திட்டம். பேசாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுவோம் என்று சாகிர் இழுத்தான். காதர் மைதீன் முறைத்தார்.

டீயை நீட்டிய ஹபீபுன்னிசா, "நான் வேணா பாக்கட்டா மச்சான்?" என்றாள்.

அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பல்பு மாட்டவே அவரைக் கூப்பிடுகிறவள் அவள்.

"நீ மட்டும் சரி பண்ணிடு, சனிக்கிழமை நீயும் ஸஹ்ராவும் போங்க. நான் வீட்ல இருந்து குழம்பு வைக்கிறேன்."

"சத்தியமா?"

"வல்லாஹி."

ஹபீபுன்னிசா ஸஹ்ராவைப் பார்த்தாள். ஸஹ்ரா சாகிரைப் பார்த்தாள். சாகிர் டீயைப் பார்த்தான்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து நாலு பேரும் துறைக்குப் போனார்கள். கடல்தண்ணி வரும் வால்வை மூடச் சொன்னாள் ஹபீபுன்னிசா. சிரித்துக்கொண்டே மூடினார். அந்த வடிகட்டி டப்பா எது என்று கேட்டாள். காட்டினார், இன்னும் சிரித்துக்கொண்டே. ஊறுகாய் ஜாடியைத் திறக்கிற மாதிரி மூடியைத் திருகித் திறந்து, கையை விட்டு இழுத்தாள்.

நீலக் கட்டம் வந்தது. இன்னும் நீலக் கட்டம் வந்தது. வந்துகொண்டே இருந்தது. உப்பில் ஊறி, கருவாட்டு வாடையோடு முழுக் கைலியும் வெளியே வந்து விழுந்தது.

அப்போதுதான் காதர் மைதீனுக்கு நினைவு வந்தது. டிசம்பரில் அழுக்கு வேலைக்கென்று கட்டிக்கொண்டு போன கைலி அது. கரையில் கிடக்கிற போட்டுக்குள் எலி ஏறிவிடக்கூடாதென்று, கைக்குக் கிடைத்த துணியை வடிகட்டி டப்பா ஓட்டையில் திணித்து, மூடியை இறுக்கி, பேன்ட்டை மாட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தவர் அவரேதான். சாகிர் புது ரப்பர் சக்கரம் ஒன்றை மாட்டி, வால்வைத் திறந்து எஞ்சினைப் போட்டான். பின்பக்கம் தண்ணி பீச்சியடித்தது. சூட்டு முள் நடுவில் வந்து சமர்த்தாக நின்றது.

சனிக்கிழமை காலை சாகிர் ஓட்ட, பெண்கள் இரண்டு பேரும் கடலுக்குப் போனார்கள். காதர் மைதீன் வெங்காயம் நறுக்கினார். இடுப்பில் அந்தக் கைலி, நாலு தடவை அலசியும் வாடை போகவில்லை. ஆனாலும் கட்டினதும் ஒரு சுகம் வந்தது, அதை மறைப்பானேன். பதினொரு மணிக்குப் போன் வந்தது. காற்றுச் சத்தத்துக்கு நடுவே ஹபீபுன்னிசா சின்னப்பிள்ளையாட்டம் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வருஷத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவர் கேட்டதில்லை, கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ராத்திரி பூரா அவரைக் குடைந்த கேள்வி ஒன்று இருந்தது.

"கைலி அங்கதான் இருக்குன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"டிசம்பர்லயே தெரியும். வடிகட்டி டப்பாவுல துணியத் திணிச்சு எலி வழிய அடைச்சாச்சுன்னு போன்ல பெருமையடிச்சீங்களே, கைலி கட்டிட்டுப் போய் பேன்ட்டோட வந்த அன்னிக்கு."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"அப்பவே சொல்லியிருந்தா இன்னிக்கு நீங்கதான இங்க இருப்பீங்க," என்றாள் அவள். "சரி, இங்க மீன் ஒண்ணும் மாட்டல. குழம்புக்கு முட்டைய வேகப் போடுங்க."