ஒற்றை ஆள் டென்ட்

கட்டிலுக்கு அடியில், பழைய போர்வைக்குள் சுருட்டி ஒளித்து வைத்திருந்த டென்ட், விஜயசங்கர் ஆபீஸ் விட்டு வந்தபோது நடுக்கூடத்தில் விரிந்து நின்றது. அதற்குள்ளிருந்து இரண்டு பாதங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"வந்துட்டியளா மாப்ள?" என்றன பாதங்கள். "இதென்ன, கால நீட்ட முடியல? எத்தன பேரு படுக்கதுக்கு வாங்குனீய?"

பாதங்களின் சொந்தக்காரர் குத்தாலிங்கம் மாமா. விஜயசங்கரின் மனைவி உமா மகேஸ்வரிக்குச் சித்தப்பா. அருவியில் ஒரு குளியல் போட்டுவிட்டுப் போகலாம் என்று மதுரையிலிருந்து வந்தவர். வந்து பத்து நாளாகிறது, குளியல் இன்னும் முடிந்தபாடில்லை.

"ஒருத்தருக்கு மாமா."

"ஒத்த ஆளுக்கா? நல்லா ஏமாத்திட்டான் மாப்ள. திருப்பிக் குடுத்துருங்க."

தென்காசியில் சொந்த வீடு வைத்திருப்பவனுக்குச் சாரல் சமயத்தில் அந்த வீடு சொந்தமில்லை. குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்று டிவியில் சொல்லிவிட்டால் போதும், வருடக்கணக்கில் போன் பேசாதவன்கூடத் துண்டும் சோப்புமாக வாசலில் வந்து நிற்பான். அன்றைக்கு விஜயசங்கர் வீட்டில் பதினோரு விருந்தாளிகள். கொடியில் ஈரத் துண்டு, ஜன்னலில் ஈரத் துண்டு, அவருடைய ஆபீஸ் பை மேலும் ஓர் ஈரத் துண்டு. வீட்டுத் தலைவர் படுப்பது சமையலறையில், சிலிண்டருக்கும் கிரைண்டருக்கும் நடுவே.

அதனால்தான் மனுஷன் யூடியூபில் விழுந்தார். தாடிக்காரன் ஒருத்தன் மோட்டார் சைக்கிளில் தனியாகக் காட்டுக்குப் போவான். டென்ட் அடிப்பான். காப்பி போட்டுக் குடிப்பான். யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வருவான். விஜயசங்கர் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பார். யாரும் 'மாப்ள' என்று கூப்பிடாத ஒரே ஒரு ராத்திரி. அவர் கேட்டது அவ்வளவுதான், கோட்டையா கேட்டார்?

அரசாங்கக் காட்டில் டென்ட் அடித்தால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பதால், பைக் மெக்கானிக் முகம்மது இஸ்மாயில் மூலமாக ஆரியங்காவுப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இடம் சொல்லி வைத்திருந்தார். பைக்கும் சர்வீஸ் முடிந்து தயார். வீட்டில் சொல்வது ஒன்றுதான் பாக்கி. இப்போது டென்டே சொல்லிவிட்டது.

"சனிக்கிழம காட்டுக்குப் போறேன் மாமா. பைக்ல. தனியா."

டென்ட் குலுங்கியது. மாமாவின் தலை வெளியே வந்தது. "தனியாவா? வீட்ல எதும் சண்டையா?"

அதற்குள் அவருடைய மனைவி உலகம்மாள் கத்தினாள். "ஏட்டி உமா! உம் மாப்பிள்ள காட்டுக்குப் போறாவளாம்! அவுகள என்னட்டி சொன்ன?"

"நான் ஒண்ணும் சொல்லல சித்தி," என்றாள் உமா, அடுப்படியிலிருந்து.

"சரி மாப்ள, நானும் வாரேன்," என்றார் மாமா.

விஜயசங்கர் சுதாரித்தார். "அங்கன அட்டை கெடக்கு மாமா. ஒட்டுச்சுன்னா ரத்தத்த உறிஞ்சிரும்."

"உறிஞ்சட்டும். எனக்குத்தான் பிரஷர் ஏறிக் கெடக்குல்லா?"

"ஆனை வரும் மாமா!"

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனை என்ற சொல் காதில் விழுந்ததும் பக்கத்து அறையிலிருந்த பிள்ளைகள் அத்தனையும் கூடத்துக்கு ஓடிவந்து, "நானும், நானும்" என்று குதிக்க ஆரம்பித்துவிட்டன. உலகம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"ஆனை வருத எடத்துக்கு இவுகள ஒத்தையில அனுப்பிட்டு நாம இங்கன உக்காந்து சோறு திங்கவா? எல்லாரும் போவோம். ஆளு நெறைய இருந்தா ஆனை கிட்ட வராது."

விஜயசங்கர் அடுப்படிக்குள் போய் மனைவி முன்னால் நின்றார். உமா, தினமும் ஸ்கூட்டியில் இலஞ்சிக்குப் போய் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை பார்ப்பவள். பகலெல்லாம் நாற்பது பிள்ளைகளுக்குக் கத்திவிட்டு, சாயங்காலம் பதினோரு பேருக்குத் தோசை சுடுகிறவள்.

"உமா, என்னக் காப்பாத்து."

அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள். "சாமி காரியம்னு சொல்லுங்க. நேந்துக்கிட்டேன்னு சொன்னா யாரு குறுக்க நிப்பா?"

விஜயசங்கருக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. இந்த வீட்டில் தன் பக்கம் நிற்கிற ஒரே ஜீவன்! நேராகக் கூடத்துக்குப் போனார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மாமா, உண்மையச் சொல்லிருதேன். சாஸ்தாவுக்கு நேந்திருக்கேன். காட்டுக்குள்ள ஒரு ராத்திரி தங்குதேன்னு."

அட மடையா! இந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவன் வாயில் வருகிற பேச்சா இது? இந்தச் சீமையில் குலசாமி சாஸ்தாவைப் பார்க்கத் தனியாகப் போனவன் எவனாவது உண்டா? சாஸ்தா என்றால் வேன். வேன் என்றால் பொங்கல் பானை, ஓடைக்கரையில் அடுப்பு, மரத்துக்கு மரம் தொட்டில். பங்குனி உத்திரத்துக்கு வருடம் தவறாமல் வேன் பிடித்துக் கொடுப்பவரே இவர்தான். அவசரத்தில் அது மறந்துபோயிற்று.

உலகம்மாள் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினாள்.

"எய்யா, சாஸ்தா! பங்குனிக்கு வர முடியலயேன்னு எம்புட்டு அழுதேன்! நீயே கூப்பிட்டுட்டியே!"

"அத்த, நேர்ச்சை எனக்கு மட்டுந்தான்..."

"சாஸ்தாவுக்கு ஒத்தையில போயி நிக்கக் கூடாதுய்யா. குடும்பம் எங்கன்னு கேப்பாரு."

அரை மணி நேரத்தில் போன் எல்லாத் திசையிலும் பறந்தது. பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் மச்சினன், குடும்பத்தோடும் ஒரு மூட்டை பூசணிக்காயோடும் வருவதாகச் சொன்னான். மெக்கானிக் வேலையோடு வாடகை வேனும் ஓட்டும் இஸ்மாயிலிடமே வண்டி பேசியாயிற்று.

"தனியாப் போறேன்னியளே அண்ணாச்சி?" என்று போனில் கேட்டார் இஸ்மாயில்.

"வண்டிய மட்டும் கொண்டாரும்வே," என்றார் விஜயசங்கர்.

ஒரு ஆறுதல், பைக்காவது மிச்சம் இருந்தது. எல்லாரும் வேனில் வரட்டும், நாம் முன்னால் தனியாகப் போய்விடுவோம், வழி நெடுக யார் முகத்திலும் விழிக்க வேண்டாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

உமா மட்டும் வரவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் உலகம்மாளிடம் மெதுவாகச் சொன்னாள். "சித்தி, நான் வர முடியாது. எனக்குக் கோயிலுக்கு வரக்கூடாத நாளு."

"அடப் பாவமே," என்றாள் உலகம்மாள். அந்தக் காரணத்துக்கு மேல் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், கேட்கவும் இல்லை.

விஜயசங்கருக்குத்தான் மனசு கேட்கவில்லை. "ஒத்தையில நீ என்ன செய்வ?"

"துண்டு துவைக்கணும். மலை மாதிரி கெடக்கு. நீங்க நிம்மதியாப் போயிட்டு வாங்க."

அவருக்குக் கண் கலங்கியது. பெண் ஜென்மமே தியாகம்தான் என்று நினைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை வேன் வந்தது. விஜயசங்கர் ஹெல்மெட்டைத் தேடினார். அது மாமாவின் தலையில் இருந்தது.

"பைக்க நான் ஓட்டுதேன் மாப்ள. வயசுப் பிள்ளையில மதுர ரோட்ல பறந்தவன்லா நானு? நேர்ச்சைக்காரரு நீங்க பானையோட வேன்லதான் வரணும். அதுதான் முறை."

மோட்டார் சைக்கிளில் தனியாகக் காட்டுக்குப் போக வேண்டியவர், தோளில் டென்ட் பையும், மடியில் பொங்கல் பானையும், இடது பக்கம் பூசணி மூட்டையும், வலது பக்கம் வாந்தி எடுக்கும் பிள்ளையுமாக வேனில் கிளம்பினார். முன்னால் மாமா பைக்கில் கையாட்டிக்கொண்டே போனார். வாசலில் நின்று வழியனுப்பிய உமா, தெரு திரும்பும்வரை கும்பிட்ட கையை இறக்கவில்லை.

ஆரியங்காவுக்குப் போகும் வழியில், புளியரை தாண்டியதும் வண்டிகள் வரிசையாக நின்றன. மலை ரோட்டில் மரம் சாய்ந்து கிடக்கிறதாம், வெட்டி எடுக்கச் சாயங்காலம் ஆகுமாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்று பார்த்தார்கள். பூசணிக்காயே களைத்துவிட்டது.

"திரும்பிருவோமா?" என்றார் விஜயசங்கர் ஆசையாக. எல்லாரும் திரும்பி, அருவிக்குப் போய்த் தொலைந்தால், வீட்டில் உமாவோடு நிம்மதியாக ஒரு காப்பி குடிக்கலாம்.

"நேர்ச்சைக்குக் கெளம்பிட்டு வெறுங்கையோட திரும்பக் கூடாது," என்றாள் உலகம்மாள்.

இஸ்மாயில் ஸ்டியரிங்கைத் தட்டினார். "பண்பொழி தாண்டி மேக்கரைப் பக்கம் ஒரு தோப்பு இருக்கு. காவல்காரர் மாரி நமக்குத் தெரிஞ்ச ஆளுதான். ஓடை உண்டு. மரத்தடியில சாஸ்தா பீடமும் இருக்கு. போவமா?"

வேன் திரும்பியது.

தோப்பு நிஜமாகவே அழகாக இருந்தது. சாரல் தூறிக்கொண்டிருந்தது, மலை பாதி மேகத்துக்குள் கிடந்தது. அந்த அமைதி மொத்தம் அரை நிமிடம் நீடித்தது. பிறகு வேன் கதவு திறந்தது. பிள்ளைகள் ஓடைக்குப் பாய்ந்தன. மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "மாப்ள, அடுப்புக்குக் கல்லு!" என்று கூவினார்.

விஜயசங்கர் பானையை இறக்கி வைத்துவிட்டு, காவல்காரர் மாரியைக் கையைப் பிடித்துத் தென்னை மறைவுக்குக் கூட்டிப் போனார். டென்ட் பை இன்னும் அவர் தோளில்தான் இருந்தது. கிட்டத்தட்ட அழுதுவிடுவார் போல் நின்றார்.

"அண்ணாச்சி, உங்களுக்குப் புண்ணியமாப் போவும். எனக்கு மட்டும், இந்தக் கூட்டத்துக் கண்ணுல படாம, ஓடைக்கு அந்தாண்ட ஒரே ஒரு ராத்திரி தனியாத் தங்க இடம் குடுங்க."

மாரி சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார்.

"அந்தாண்ட ஒரு டென்டுக்குத்தான் எடம் சார், அதுலயும் இப்பத்தான் ஆளு வந்தாச்சு. தென்காசி டீச்சரம்மா ஒருத்தவ, மூணு வருசமா சாரலுக்கு ஸ்கூட்டில தனியா வருதாவ. இந்த வருசம் வீட்டுக்காரரையும் சொந்தக்காரங்களையும் மொத்தமா சாஸ்தா கோயிலுக்குன்னு வேன் ஏத்தி அனுப்பிட்டு வந்தேன்னு ஒரே சிரிப்பு!"