எல்லா பஸ்ஸும் கிளம்பிவிட்டன

கண் தெரியாதவர்களுக்கு இந்த உலகத்தில் கேட்காமலே கிடைப்பது யோசனை. பிறவியிலேயே பார்வையில்லாத எனக்கு அது மூட்டை மூட்டையாகக் கிடைத்திருக்கிறது.

அப்போது ஒரகடத்தில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தேன். எப்படியாவது கம்ப்யூட்டர் செக்‌ஷனுக்கு மாறிவிட வேண்டும் என்று வெறி. "ஷிப்ட் முடிஞ்சதும் கேண்டீன் ஸ்பீக்கர்ல கம்பெனி பஸ் அறிவிப்பு தானா வர்ற மாதிரி ஒரு புரோகிராம் எழுதிக் காட்டும்மா, பார்ப்போம்" என்றார் மேனேஜர். எந்தக் கம்ப்யூட்டர் மொழியில் எழுதுவது? ஹாஸ்டல், கேண்டீன், செக்யூரிட்டி கேட் என்று கேட்ட இடமெல்லாம் ஒரே பதில்: பைத்தான். (செக்யூரிட்டி அண்ணனுக்குக் கம்ப்யூட்டரை ஆன் செய்யவே தெரியாது என்பது வேறு விஷயம்.) "பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கும்" என்றார்கள். யாருடைய கண்ணுக்கு என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

பைத்தானில் ஒரு வரி எதைச் சேர்ந்தது என்பதை அதன் முன்னால் விடும் வெற்றிடம்தான் சொல்லும். திரையில் இருப்பதை எனக்கு வாசித்துக் காட்டும் மென்பொருளோ, வெற்றிடத்துக்கு வாயே திறக்காது. என் புரோகிராம் ஒவ்வொரு பஸ்ஸாக அறிவித்துவிட்டு, கடைசியில் ஒரே ஒரு முறை "எல்லா பஸ்ஸும் கிளம்பிவிட்டன" என்று சொல்ல வேண்டும். அந்தக் கடைசி வரி எனக்குத் தெரியாமலே உள்ளே தள்ளி உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு பஸ்ஸுக்குப் பிறகும் பேசத் தயாராக இருந்தது. ஹாஸ்டலில் ஒரே ஒரு பஸ்ஸின் பெயரை மட்டும் கொடுத்துச் சோதித்தேன். அட்டகாசமாக வேலை செய்தது.

அந்த நாளும் வந்தது. "வாலாஜாபாத் பஸ் தயார்" என்றது ஸ்பீக்கர். கேண்டீனே கைதட்டியது. நான் தலையை நிமிர்த்திக்கொண்டேன். அடுத்த மூச்சில், "எல்லா பஸ்ஸும் கிளம்பிவிட்டன."

பெஞ்சுகள் சரிந்தன, டம்ளர்கள் உருண்டன, மொத்த ஷிப்டும் கேட்டை நோக்கி ஓடியது. (பொய் சொல்லக் கூடாது, நான் எழுதியதை நம்பி இத்தனை பேர் ஓடுகிறார்களே என்று உள்ளூர ஒரு பெருமை.)

அசெம்பிளி லைனில் வேலை பார்க்கும் என் தோழி ஜோதி மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். "இன்னாடி பண்ணி வெச்சிக்கீற? போண்டாவ வாய்ல வெச்சிகினே ஓடனேன். அங்க டிரைவருங்கோ டீ குடிச்சிகினு நிக்கிறாங்கோ!"

பின்னாலேயே மேனேஜர். "ஏம்மா, உனக்கு அந்த டெலிபோனே போதாதா?"

அழுகை வந்தது. அதைவிட அதிகமாக ரோஷம் வந்தது. "சார், இது பார்க்கிறவங்க எனக்குப் பொறுக்கித் தந்த மொழி. காதால கேட்கிற மொழியா நானே ஒண்ணு பொறுக்கிக்கிறேன். ஒரு வாரம் மட்டும் குடுங்க."

ஜாவாஸ்கிரிப்ட் என்ற மொழியைப் பிடித்தேன். அதில் வெற்றிடத்தின் வேலையை அடைப்புக்குறிகளே செய்யும். எங்கே திறக்கிறது, எங்கே மூடுகிறது என்று ஒவ்வொரு அடைப்புக்குறியும் காதில் விழுந்தது. (வெற்றிடத்தையும் வாசிக்க வைக்கும் வசதி என் மென்பொருளிலேயே இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. அதை ஜோதியிடம் இன்றுவரை சொல்லவில்லை.) இன்று நான் கம்ப்யூட்டர் செக்‌ஷனில் இருக்கிறேன். கேண்டீனில் தினமும் பேசுவது என் புரோகிராம்தான், ஒரு பஸ்கூடப் பிசகியதில்லை.

என் கல்யாணப் பந்தியில் ஜோதி மைக்கைப் பிடுங்கி, "எல்லா பஸ்ஸும் கிளம்பிவிட்டன" என்றாள். எங்கள் கம்பெனி ஆட்கள் சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி பாயசம் கேட்டார்கள். பஸ்ஸில் வந்திருந்த மாப்பிள்ளை வீட்டார் மட்டும் இலையை விட்டு எழுந்து ஓடினார்கள்.