இரண்டு வொட்காவும் நான்கு புருவங்களும்

எந்தக் காரியத்துக்கும் ஒரு முறை உண்டு. அந்த முறையை ஒழுங்காகக் கடைப்பிடித்தால் எவ்வளவு பெரிய முட்டாள்தனத்தையும் கௌரவமாகச் செய்து முடிக்கலாம். தேயிலைத் தொழிற்சாலையில் இலையின் பக்குவத்தையும் ருசியையும் பார்க்கும் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு, மகள் ஷாமினியின் கல்யாணத்துக்கு முந்திய வாரம்தான் இது முழுமையாக விளங்கியது.

சம்பந்தி அந்தோணிமுத்து ராகலையில் மரக்கறி மொத்த வியாபாரி. அவர் மூக்குக்குக் கீழே லீக்ஸ் கட்டைப் போல் செழித்த ஒரு மீசை இருந்தது. (இருந்தது என்பதைக் கவனியுங்கள்.) அன்று அவர் எங்கள் நுவரெலியா வீட்டுக்கு ஒரு வெளிநாட்டு வொட்காப் போத்தலைக் குழந்தையைத் தூக்கி வருவதுபோல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார்.

"கொழும்பு ஆளுக நெறைய வாராங்க சம்பந்தி. விருந்து மேசையில இதுதான் இருக்கணும். லோக்கல் போத்தல வச்சா நம்ம மானம் போயிரும்."

சாராயத்தோடு சந்தோஷமாக இருந்த மலைநாட்டில் வொட்கா எப்போது மானப் பிரச்சினையானது என்று எனக்குத் தெரியாது. ஆனால் விருந்துச் செலவு பெண் வீட்டுடையது. விலையைக் கேட்டேன். என் ஓய்வுக்காலச் சேமிப்பு முழுவதும் ஒரே மாலையில் கொழும்புத் தொண்டைகளில் இறங்குவது கண்முன் தெரிந்தது. முடியாது என்றால் சம்பந்தி முறைத்துக்கொள்வார். கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது சம்பந்தி முறைத்தால் என்ன நடக்கும் என்பதை மகளைப் பெற்றவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை என்பதுதான் வொட்காவின் பெருமை. இல்லாத சுவையில் உயர்ந்த ரகம் எது, தாழ்ந்த ரகம் எது? அதை நிரூபிக்கத் தீர்மானித்தேன்.

"விருந்துக்குப் பார்க்கலாம்னு லோக்கல் வொட்கா ஒண்ணு ஏற்கனவே வாங்கி வச்சிருக்கேன். எது எதுன்னு தெரியாம ரெண்டையும் ருசி பார்ப்போம். வித்தியாசம் தெரிஞ்சா நீங்க சொன்னதையே வாங்கிர்றேன்."

"தெரியலைன்னா?"

"லோக்கல்."

"சரி, பார்த்துருவோம்" என்று அவர் மீசையை முறுக்கினார். (கடைசி முறுக்கு.)

தேயிலையை ருசி பார்க்கும் முறை எனக்கு ஜெபம் மாதிரி மனப்பாடம். ஓய்வு பெற்றபோது கிடைத்த வெள்ளைக் கிண்ணங்களை எடுத்தேன். ஊற்றும் பொறுப்பு என் மனைவி ரீட்டாவுக்கு. எந்தக் கிண்ணத்தில் எது என்று அவளுக்கு மட்டுமே தெரியும். தேயிலைச் சாயத்தை ஆறவிட்டு யாரும் ருசி பார்ப்பதில்லை. ஆகவே கிண்ணங்களைச் சுடுநீர்த் தட்டில் வைத்து வொட்காவையும் நன்றாகச் சூடாக்கினேன்.

"ஏங்க, இதைச் சூடாக்கிக் குடிக்கிறாங்களா?" என்றாள் ரீட்டா.

"முறை தெரியாதவங்க குடிக்கிறதில்லை" என்றேன்.

பிறகு சம்பந்திக்கு விளக்கினேன். பெரிய கரண்டியால் எடுத்து, காற்றோடு சேர்த்துச் சர்ரென்று உறிஞ்ச வேண்டும். சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்க வேண்டும். வாயில் சுழற்ற வேண்டும். விழுங்காமல் துப்ப வேண்டும்.

"துப்புறதா? இந்த விலைச் சாமானையா?" சம்பந்தி போத்தலை மறுபடி நெஞ்சோடு அணைத்தார்.

"விழுங்குனா தீர்ப்புல நிதானம் இருக்காது சம்பந்தி."

"என் பாத்திரம் ஒண்ணுலயும் யாரும் துப்பக் கூடாது. இப்பவே சொல்லிட்டேன்" என்றாள் ரீட்டா.

எங்கள் அறையில் குளிருக்குக் கணப்பு எரிந்துகொண்டிருந்தது. நான் அதைக் காட்டினேன். "இதுல துப்புவோம். நெருப்பு எல்லாத்தையும் சுத்தம் பண்ணிரும்."

தொழிற்சாலையில் வருடந்தோறும் தீயணைப்பு ஒத்திகை நடத்தியவன் சொன்ன வாக்கியம் இது.

முதலில் ஆளுக்கொரு கிண்ணம், பிறகு மாற்றிக்கொள்வது என்று முடிவு செய்து இருவரும் கணப்பின் முன் குனிந்தோம். உறிஞ்சினேன். சூடான ஆவி நேராக மூக்குக்கு ஏறி, மண்டைக்குள் ஒரு கதவை உதைத்துத் திறந்தது. நாக்கு மரத்துவிட்டது. ஆனாலும் முறைப்படி சுழற்றி, முறைப்படி துப்பினேன்.

கணப்பு எழுந்து நின்றது.

'புஃப்' என்றொரு சத்தம். நீலமும் மஞ்சளுமாய் ஒரு சுவாலை என் முகத்தைத் தடவிவிட்டுத் திரும்பியது. புருவங்கள் இரண்டும் போய்விட்டன. அந்நேரம் சம்பந்தி வாய் நிறைய வொட்காவோடு என்னைப் பார்த்தார். மனிதருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. வாயில் இருந்தது முழுவதும் பூச்சிமருந்து அடித்ததுபோல் நெருப்பின் மேல் பறந்தது.

இரண்டாவது 'புஃப்'.

சம்பந்தியின் மீசையில் தீ நிதானமாக இடமிருந்து வலமாகப் போனது. நான் உடனே செயல்பட்டேன். "யாரும் பதற வேண்டாம்! எல்லாரும் ஒழுங்கா கூடும் இடத்துக்கு வாங்க!" என்று தீயணைப்பு ஒத்திகைக் குரலில் கத்தினேன். ரீட்டா கூடும் இடம் எதுவென்று கேட்கவில்லை. துணி அலசிய வாளியைத் தூக்கி எங்கள் இருவர் தலையிலும் கவிழ்த்தாள்.

சவர்க்கார நுரையோடு நின்றோம். சம்பந்தி சுவர்க் கண்ணாடிக்குப் போனார். மீசையும் இல்லை, புருவமும் இல்லை. மீசை இருந்த இடத்தை ஒரு விரலால் தடவிப் பார்த்தார். என் மகளின் வாழ்க்கை அந்தக் கண்ணாடிக்குள் ஊசலாடியது. தேவாலயத்தில் வாசிக்கப்பட்ட கல்யாண அறிவிப்பைத் திரும்பப் பெறுவதற்கும் ஒரு முறை உண்டு. அது எனக்கு ஞாபகம் வந்தது.

"தங்கச்சி," என்றார் கடைசியில் ரீட்டாவிடம், "எனக்கு ஊத்துனது எது?"

"லோக்கல் அண்ணே. இவருக்குத்தான் நீங்க கொண்டாந்தது."

அவர் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக் கண்ணாடி முன் பக்கத்தில் நிறுத்தினார். ஒரு வியாபாரியின் கண்ணால் இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒரு வித்தியாசமும் இல்ல சம்பந்தி. ரெண்டு வொட்காவும் சுத்தமாத்தான் வழிச்சிருக்கு. லோக்கலே வாங்குங்க."

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. கொழும்பு ஆட்கள் லோக்கல் வொட்காவை வாழ்த்திக் குடித்தார்கள். மணப்பெண்ணை அலங்கரிக்க வந்த பெண், எங்கள் நிலைமையைப் பார்த்து இருவருக்கும் பென்சிலால் புருவம் வரைந்துவிட்டாள். கொஞ்சம் மேலே வரைந்துவிட்டாள். போட்டோ அல்பத்தில் ஒவ்வொரு படத்திலும் இரண்டு சம்பந்திகளும் அப்போதுதான் ஏதோ பயங்கரமான செய்தியைக் கேட்டவர்களைப் போல் நிற்கிறோம். பாதர் ஆசீர்வதிக்கும்போது அதிர்ச்சி. கேக் வெட்டும்போது அதிர்ச்சி. "என்னமோ நடந்திருக்கு, வெளிய சொல்ல மாட்டேங்கிறாங்க" என்று தலவாக்கலைச் சொந்தக்காரர்கள் இன்றும் விசாரிக்கிறார்கள்.

கடையில் எதன் விலையையாவது கேட்டு நான் நின்றுவிட்டால், ரீட்டா அருகில் வந்து மெதுவாகச் சொல்வாள்: "புருவத்தை இறக்குங்க. கல்யாண போட்டோவுல நிக்கிற மாதிரியே இருக்கீங்க."