திராட்சைப் பெட்டியில் என் முகம்

மாதா மேல சத்தியம், நேத்துத் தின்ன சோத்து மேல சத்தியம், என் வாயில மிச்சமிருக்கிற பல்லு மேல சத்தியம்! இதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது.

என் பேர் பீட்டர்ராஜ். உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு பன்னீர் திராட்சைத் தோட்டம். எங்களுக்கு என்றால், என் பெண்டாட்டி வியாகுலமேரிக்கு. அவள் அப்பா கொடுத்தது. கவாத்து வெட்டுவது, மருந்தடிப்பது, ஆள் வைத்து வேலை வாங்குவது எல்லாம் அவள். மேற்பார்வை மட்டும் நான். அதையும் நிழலில் படுத்துத்தான் பார்ப்பேன்.

இந்த சீசனுக்கு ஒரு சபதம் போட்டேன். நம்ம பெட்டிக்கு ஒரு லேபிள். அதன் நடுவில் என் முகம்.

“ஏன், பாடுபடுறவ மூஞ்சிக்கு என்ன கொள்ளை?” என்றாள் மேரி.

“ஏத்தா, பொம்பளை படம் போட்டா ஊறுகாய்னு நெனச்சிருவாக.”

“உங்க படம் போட்டா காஞ்ச திராட்சைன்னு நெனச்சிருவாக.”

நான் அசரவில்லை. என்னிடம் ஒரு டிரங்குப் பெட்டி நிறையப் பழைய அச்சுக் காகிதம் இருக்கிறது. அந்தக் காலத்துச் சிங்கம் ஒன்று உண்டு. கதவைச் சாத்திவிட்டுத்தான் பெட்டியைத் திறக்கணும், தெருவில் பாய்ந்துவிடும். அதை வெடிக்கட்டு லேபிளிலிருந்து எடுத்தேன். எழுத்து, நாடக நோட்டீஸிலிருந்து. மலை, ஏலக்காய் எஸ்டேட் வரைபடத்திலிருந்து.

லேபிளைச் சுற்றி வரும் கரைக்குத்தான் ஒன்றும் அமையவில்லை. மேரியின் ஜெபப் புத்தகத்தைக் குடைந்தேன். ஒரு பழைய வெளிநாட்டு அட்டை விழுந்தது. ஆகா! ஊதாக் கரை. நம்ம திராட்சையின் அதே ஊதா. மூலைக்கு மூலை தொங்கும் கொடி, லில்லிப் பூ, மணல் கடிகாரம். நடுவில் என்னவோ லத்தீன்.

“மேரி, இது என்ன அட்டை?”

கண்ணாடியைப் போட்டு அட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி அட்டையைப் பார்த்தாள்.

“பெரியவுகளுக்கு மரியாதை செய்ய அடிச்சதுங்க.”

“அப்படிப் போடு! எனக்குப் பொருந்துமா?”

“அளவெடுத்தாப்ல இருக்கு. கழுத்துப் பட்டன் போட்டு எடுத்தீகளே, அந்தக் கருப்பு வெள்ளைப் போட்டோவ வைங்க. சிரிக்காத போட்டோ.”

கல்யாணமான நாளிலிருந்து என் பேச்சுக்கு அவள் தலையாட்டியது அன்றைக்குத்தான். அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். இடம் பத்தாமல் சிங்கத்தை என் படத்துக்கு அடியில் படுக்கப் போட்டு அச்சடித்தேன்.

பெட்டிகள் தேனிக்கும் கேரளாவுக்கும் ஏறின. மறுநாள் காலையில் மேரியின் செல்போன் அலறியது. கோட்டயம் வியாபாரி குரியாச்சன்.

“சேச்சி, பெட்டியக் கண்டேன். நெஞ்சு பொட்டிப் போச்சு! எங்க அப்பச்சன் செத்தப்போ அடிச்ச துக்க கார்டு, அதே கரை! சேட்டன் எப்போ போனாரு?”

ஊதா துக்கத்துக்கான நிறம் என்பது பூசையில் தூங்குகிறவனுக்கு எப்படித் தெரியும்? போனைப் பிடுங்கப் போனேன். மேரி ஒரு கையால் என் வாயைப் பொத்தி, போனுக்குள் மூக்கைச் சிந்தினாள்.

“என்ன செய்ய அண்ணே. தோட்டத்த நான் ஒருத்திதான் பாக்கணும்.”

“கரையாதீங்க, அழாதீங்க சேச்சி. சீசன் சரக்கு முழுக்க எனக்கே. நீங்க சொல்ற வெலை.”

மதியம் தேனி கமிஷன் கடையிலிருந்து மலர் வளையம் வந்தது. கொண்டுவந்த வண்டிக்காரன் அம்மாவாசி அதை என் கையிலேயே கொடுத்து, “பெருசு, பொணத்த எங்கன வச்சிருக்காக?” என்றான்.

“இந்தா, ஒனக்கு முன்னால நிக்குது.”

வளையத்தில் ஒட்டியிருந்த லேபிளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அவன் போட்ட ஓட்டத்துக்கு வீரபாண்டி வரை புழுதி. தேனியில் போய் என்ன சொன்னானோ, அடுத்த வளையம் இன்னும் பெரிசாக வந்தது.

“ஏத்தா, நான் உசுரோட இருக்கேன்னு சொல்லு!”

“சொல்றேன். பழ வெட்டு முடியட்டும்.”

“பொய் பாவமில்லையா? சாமியார்கிட்ட என்ன சொல்லுவ?”

“செத்தீகன்னு நான் எங்கங்க சொன்னேன்? தோட்டத்த நான் ஒருத்திதான் பாக்கணும்னேன். நாப்பது வருசமா அதானே நடக்குது?”

அடுத்த வாரம் புது லேபிள் வந்தது. நடுவில் மேரி, பல் தெரியச் சிரிக்கிறாள். என் சிங்கம் அவள் பக்கத்தில் கம்பீரமாக எழுந்து நிற்கிறது. அடியில் பொடி எழுத்தில்: ‘பீட்டர்ராஜ் நினைவாக.’

ஆகையால் ஐயா, வெட்டு முடியும்வரை வெளியே தலை காட்ட எனக்கு உத்தரவில்லை. இதை யார் சொன்னது என்று எவன் கேட்டாலும் என் பேரை மட்டும் சொல்லிராதீக. நான் உசுரோட இருக்கிற சேதி கோட்டயம் போச்சுன்னா, மேரி அந்த லேபிளை நிஜமாக்கிருவா.