சுகுமாறனின் ஒன்பது கிலோ சதி

மனைவியை ஜிம்மிலிருந்து மீட்டே தீருவது என்று சுகுமாறன் சபதம் எடுத்தது ஒரு வியாழக்கிழமை காலையில். அன்றைக்குத்தான் ஊறுகாய்ப் போத்தலின் மூடியை ஷாமளா தானே திறந்துவிட்டாள்.

இருபத்திரண்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் அவருக்கென்று அந்த வீட்டில் மூன்று நிரந்தர உத்தியோகங்கள் இருந்தன. இறுகிய மூடிகளைத் திறப்பது. அடுப்புக்குக் கேஸ் தோங் மாற்றுவது. காடியின் பின்கதவைத் திறந்து அரிசி மூட்டையை இறக்குவது. நான்கே மாதத்தில் மூன்றும் பறிபோயின. போன வெள்ளத்துக்கு அவர் முக்கி முனகி வாசலில் அடுக்கிய மணல் மூட்டைகளைக்கூட அவள் ஒரே காலையில் தோளில் தூக்கிப் பின்கட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். அதுவும் எண்ணிக்கொண்டே. உடற்பயிற்சியாம்.

எல்லாம் சிகாமட் இரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் திறந்த அந்த ஜிம்மால் வந்தது. முன்பு அது டயர் கடை. கடைக்காரர் விட்டுப்போன லாரி டயர்களைப் பெண்கள் புரட்டிப் போட்டுக்கொண்டே போவார்கள். பிறகு, திரும்பவும் புரட்டிக் கொண்டு வருவார்கள். இருந்த இடத்திலேயே இருந்த டயரை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும் என்பது சுகுமாறனுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

"இன்னிக்கு அம்பது பர்ப்பிங்க," என்று முதல் நாள் அவள் மூச்சிரைக்க வந்து சொன்னபோது, அவர் ஆசையாகத்தான் கேட்டார். "எனக்கு ரெண்டு எடுத்து வெச்சியா?"

அது தரையில் விழுந்து எழுந்து குதிப்பது என்று பிறகுதான் தெரிந்தது. அதோடு காலையில் பசியாற ரொட்டி சானாய் போய் ஓட்ஸ் வந்தது. தேங்காய்ப்பால் போய் மோர் வந்தது. சுகுமாறன் என்ற பெயருக்குச் சுகம் மாறிப்போனவன் என்றுதான் பொருள் போலிருக்கிறது என்று அவர் தொழிற்சாலை நண்பர்களிடம் சொல்லிப் புலம்பினார்.

அந்த வியாழக்கிழமை சாயங்காலமே நேராக ஜிம்முக்குப் போனார். பயிற்சியாளர் லோஷினிக்கு வயது இருபத்தெட்டு இருக்கும். சுவரில் ஒரு விளம்பரத்தை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"அங்கிள், சரியான நேரத்துக்கு வந்தீங்க. அடுத்த மாசக் கடைசியில திடல்ல தம்பதிகள் போட்டி. மனைவி கணவனைத் தூக்கிட்டு அம்பது மீட்டர் ஓடணும். ஷாமளா அண்டி பேரைக் குடுத்துட்டாங்க."

"கணவன் யாரு?"

"நீங்கதான் அங்கிள்."

சுகுமாறனுடைய மூளையில் விளக்கு எரிந்தது. இரும்புக் குண்டுகளுக்கு நடுவே நின்ற ஷாமளாவிடம் உற்சாகமாகப் போனார்.

"ஷாமளா, ஒரு பேச்சு. நீ ஜெயிச்சா வாழ்நாள் பூரா ஓட்ஸ். நான் வாயே திறக்க மாட்டேன். தோத்தா ஜிம்மை விட்டுடணும், ரொட்டி சானாய் வீட்டுக்குத் திரும்பணும்."

ஷாமளா குண்டைக் கீழே வைத்தாள். "சரி. போட்டி விதியெல்லாம் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க. மூணு பக்கம் இருக்கு."

"தூக்கிட்டு ஓடறதுக்கு என்னா லா விதி?" என்று கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டார்.

தூக்கப்படுபவன் கனத்துவிட்டால் தூக்குகிறவள் என்ன செய்வாள்? அவருடைய திட்டம் அவ்வளவுதான். அவருடைய அப்போதைய எடை எண்பத்தைந்து கிலோ. மறுநாளிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் சிக்கந்தர் கடையில் காடியை நிறுத்தினார். முட்டை ரொட்டி இரண்டு, நாசி லெமாக் ஒன்று, தே தாரிக் ஒன்று. சாயங்காலம் இன்னொரு சுற்று. சிக்கந்தரும் மனம் கோணாமல் கேட்டதற்கு மேலேயே வைத்தார். "சாப்பிடுங்கண்ணே. வேலை செய்யற உடம்பு," என்று சம்பலை அள்ளிப் போட்டார்.

வீட்டில் ஓட்ஸையும் மிச்சம் வைக்காமல் குடித்தார். சந்தேகம் வரக் கூடாதல்லவா. ஒருநாள் சட்டைப் பொத்தான் தெறித்து ஷாமளாவின் மோரில் விழுந்தது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அவள் அதைக் கரண்டியால் எடுத்து மேசையில் வைத்தாள்.

"நூல் சரியில்ல. பெரிய சட்டையா நாலு வாங்கிக்குங்க," என்றாள்.

சுகுமாறனுக்கு உள்ளே தேன் பாய்ந்தது. ஒன்றும் தெரியாத பெண் என்று கொஞ்சம் இரக்கம்கூட வந்தது.

போட்டி நாளன்று திடலில் கூட்டம் நிறைந்திருந்தது. சிக்கந்தரும் ஓரமாக ஒரு தண்ணீர்க் கடை போட்டிருந்தார். கணவன்மார்களை வரிசையாக எடை பார்த்தார்கள். அவருக்கு முன்னால் நின்ற வசந்தன், மனைவி பிரேமலாவின் கைப்பையைப் பிடித்தபடி ஏறினான். ஐம்பத்தெட்டு. கூட்டத்தில் ஓர் ஐயோ பாவம் எழுந்தது. அடுத்து சுகுமாறன் ஏறினார்.

"தொண்ணூத்து நாலு," என்று லோஷினி ஒலிபெருக்கியில் சொன்னாள்.

திடலே கைதட்டியது. எதற்குத் தட்டுகிறார்கள் என்று அவருக்குப் புரியவில்லை.

லோஷினி விதியைப் படித்தாள். "கணவரோட எடை எத்தனை கிலோவோ அத்தனை புள்ளி. ஓட எடுத்துக்கற ஒவ்வொரு வினாடிக்கும் ஒரு புள்ளி கழியும். மிச்சம் அதிகமா இருக்கறவங்க ஜெயிச்சவங்க."

சுகுமாறன் ஷாமளாவின் பக்கம் திரும்பினார். "இது எந்தப் பக்கத்துல இருந்துச்சு?"

"ரெண்டாவது பக்கம்," என்றாள் ஷாமளா, தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொண்டே.

பிரேமலா வசந்தனைப் புடவைக் கடைப் பை மாதிரி தூக்கிக்கொண்டு பறந்தாள். நாற்பது வினாடி. பதினெட்டுப் புள்ளி. அடுத்து ஷாமளா குனிந்தாள். ஒரு மூச்சு. சுகுமாறன் அவள் தோளில் குறுக்கே கிடந்தார். உலகம் தலைகீழானது. புல் ஓடியது, அவளுடைய குதிகால் ஓடியது.

இருபது மீட்டர்வரை அவர் தன்னால் முடிந்த அளவு கனத்தார். முப்பதில் அவள் ஒருமுறை தடுமாறினாள். முழங்கால் மடங்கியது. இதுதான் தருணம். ஒரு சின்ன நெளிவு போதும், வாழ்நாள் பூரா ரொட்டி சானாய்.

ஆனால் அவளுடைய மூச்சு அவர் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. எண்ணிக்கொண்டிருந்தாள். மணல் மூட்டையைத் தூக்கியபோது எண்ணிய அதே குரலில், விடாமல். சுகுமாறனுக்கு என்ன ஆனதென்று அவருக்கே தெரியாது.

"விடாத ஷாமளா. இன்னும் கொஞ்சம்தான். இடது கால், வலது கால், போ, போ," என்று தலைகீழாகக் கத்திக்கொண்டிருந்தார்.

அவள் போனாள். எழுபத்தொரு வினாடி. இருபத்து மூன்று புள்ளி. எண்பத்தைந்து கிலோவாகவே இருந்திருந்தால் பதினாலோடு தோற்றிருப்பார்கள். அந்த ஒன்பது கிலோதான் கோப்பையை வாங்கித் தந்தது.

புல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கியவரிடம் சிக்கந்தர் இளநீர் நீட்டினார். "நல்லா உழைச்சீங்கண்ணே. அக்கா போட்டிக்குப் பேர் குடுத்த அன்னிக்கே சொல்லிட்டுப் போனாங்க. அண்ணன் வருவாரு, குறை வைக்காதீங்கன்னு."

சுகுமாறன் மனைவியைப் பார்த்தார். அவள் கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கோபப்படலாம் என்றுதான் நினைத்தார். வரவில்லை. நெஞ்சு இன்னும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. இவ்வளவு சந்தோஷமாக அவர் எதிலும் தோற்றதில்லை.

அப்போது லோஷினி ஒரு தாளோடு ஓடி வந்தாள். "அங்கிள், ஜெயிச்சவங்களுக்கு ரெண்டு மாசத்துல ஜோகூர் பாருவில இறுதிச் சுற்று. நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு நீங்க பயிற்சிக்கு வந்துடுங்க."

"நான் எதுக்கு? தோள்ல படுத்துக்கப் பயிற்சியா?"

"அங்க ஆம்பளைங்கதான் அங்கிள் தூக்கணும்."

சுகுமாறன் மெல்ல இளநீரைக் கீழே வைத்தார். "யாரை?"

"என்னைத்தான்," என்றாள் ஷாமளா. "வேற யாரைத் தூக்கலாம்னு இருந்தீங்க?"