செவ்வாயில் கிடந்த இரும்பு

தெரிந்ததை உடனே சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் என்கிற ஆட்களைக் கலியாணப் பேச்சு நடக்கும் இடத்தில் உட்கார வைக்கக்கூடாது. நான் அந்தக் கூட்டத்தின் தலைவன்.

எழுபதுகளின் தொடக்கம். கொக்குவிலில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். (படிப்பித்ததைவிட அலட்டியதே அதிகம்.) அதே பள்ளிக்கூடத்தில் பவானி ரீச்சர். செவ்வாய்க் கிரகத்துக்குப் போகாமலே அங்கே என்ன கல் இருக்கிறதென்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று ஒருநாள் என்னிடம் கேட்டார். அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. நூலகத்துக்கு ஓடினேன். தொலைநோக்கியில் விழும் வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரிப்பார்களாம். ஒவ்வொரு கனிமமும் தனக்கென்று சில நிறங்களை விழுங்கிவிடும். எது குறைகிறதோ, அதை வைத்துக் கல்லை அறிவார்களாம். இதைப் பாடமாக்கி முடிப்பதற்குள் எனக்குப் பவானி மேல் பைத்தியம் பிடித்துவிட்டது. அவர் முன்னால் போய்ப் பதில் சொல்லத்தான் துணிவு வரவில்லை. மாமாவைப் பிடித்துக் கலியாணம் பேச விட்டேன்.

கோப்பாயிலிருந்து பவானியின் தகப்பனார் வந்தார். சாதகக் குறிப்புப் பார்க்குமுன் வாயாலும் விசாரித்துவிடுவோம் என்று நினைத்திருக்க வேண்டும்.

"தம்பி, செவ்வாயிலை ஏதும் கிடக்கோ?"

சாதகத்தில் செவ்வாய்க் குற்றம் உண்டா என்று கேட்கிறார். எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் அது விளங்கும். எனக்கோ, மகள் கேட்டதையே தகப்பனும் கேட்கிறார் என்று புல்லரித்துவிட்டது.

"ஓம் ஐயா, நிறையக் கிடக்கு. முழுக்க இரும்பு."

மாமா இருமினார். தேத்தண்ணீர் புரைக்கேறிவிட்டது என்று நினைத்தேன்.

"அவ்வளவு கடுமையோ?"

"தூரத்திலை நிண்டே கண்டுபிடிக்கலாம், ஐயா. வாறதை விழுங்கிப்போடும்."

அவர் சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அடுத்த நாள் அம்மா என் குறிப்பைக் கொடுத்தனுப்பினார். குற்றமே இல்லாத சுத்தமான குறிப்பு. குறிப்பைத் திருத்தலாம், பெடியன் தன் வாயால் ஒத்துக்கொண்டதைத் திருத்த முடியாது என்று தகப்பனார் திருப்பி அனுப்பிவிட்டார். அந்த வருடம் முழுக்க நான் சோற்றைப் பிசைந்தேனே தவிரச் சாப்பிடவில்லை.

பவானிக்கு வேறு இடத்தில் கலியாணம் ஆனது. பல வருடங்களுக்குப் பிறகு பஸ் நிற்கும் இடத்தில், கையில் பிள்ளையோடு கண்டேன்.

"அப்பா வந்து சொன்ன உடனை எனக்கு விளங்கிட்டுது, மாஸ்டர். அவருக்கும் விளங்கப்படுத்தினன். உப்பிடிக் கதைக்கிற மனிசனோடை என்னெண்டு காலம் தள்ளுவாய் எண்டு கேட்டார். சந்தோசமாத் தள்ளுவன் எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை."

பஸ் வந்தது. அவர் ஏறிப் போய்விட்டார்.

இப்போதும் வீட்டில் கலியாணப் பேச்சென்றால் என்னைச் சோடா வாங்க அனுப்பிவிட்டுத்தான் குறிப்பை விரிப்பார்கள். செவ்வாய்க் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பவள் என் மனைவிதான். பஸ்ஸடியில் கேட்டதை மட்டும் அவளுக்கு நான் சொன்னதில்லை.