ஆறு மீட்டர் ஆழத்தில் ஒரு மொட்டைத் தலை

திருத்தணியில் பிறந்து வளர்ந்த ஒருவன் மொட்டைத் தலையைப் பார்த்து அலறினான் என்றால், அவனை ஊரை விட்டே தள்ளி வைக்கலாம். மலையிலிருந்து இறங்கும் ஒவ்வொரு பஸ்ஸிலும் சந்தனம் பூசிய மொட்டைகள் வரிசையாக மின்னும் ஊர் இது. அப்படி அலறியவன் நான்தான். வயது அப்போது நாற்பத்தெட்டு.

கனகம்மாசத்திரம் பக்கம் கைவிட்ட கல்குவாரி ஒன்று தண்ணீர் நிரம்பிக் கிடக்கிறது. உள்ளே எங்கே பாறைப்படி, எங்கே பள்ளம் என்று அளந்து வரைபடம் போட்டால் முக்குளிக்க வருகிறவர்களுக்கு உதவும் என்று ஒரு தன்னார்வக் குழு ஞாயிறுதோறும் முதுகில் காற்று சிலிண்டரோடு இறங்கிக்கொண்டிருந்தது. தலைவி சபீனா மேடம், அரக்கோணத்தில் ரயில்வே வேலை. நானும் என் அக்கா புருஷன் பாவாவும் அதில் ஒரு ஜோடி. (தொப்பை குறையும் என்று யாரோ சொன்னதை நம்பிப் பயிற்சி எடுத்தோம். தொப்பை இன்னும் இருக்கிறது.)

சபீனா மேடத்தின் முதல் சட்டம்: ஜோடியை விட்டுப் பிரியக்கூடாது. அக்காவின் சட்டம் இன்னும் கறார்.

"ரெண்டு பேரும் ஒண்ணா போறீங்க, ஒண்ணா வரணும். நீ மட்டும் வந்தேன்னா வூட்டாண்டயே வராத!"

அன்று பாவா தலையில் துண்டோடு வந்தார். குழுவின் ஜீப்புக்குப் பின்னால் போய் ரப்பர் தொப்பி மாட்டிக்கொண்டு இறங்கினார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பாவாவின் சுருட்டை முடி ஊரறிந்தது. சீப்பே உடையும்.

கீழே இருட்டு. விளக்கு அடித்தாலும் கையளவு தூரம்தான் தெரியும். பாவா அளவு டேப்பின் நுனியைப் பிடித்து முன்னால் போக, நான் மறுநுனியோடு, தண்ணீருக்குள் எழுதும் பலகையைக் கையில் கட்டிக்கொண்டு தடவித் தடவிப் பின்னால் போனேன். என் மூச்சே யாரோ பக்கத்தில் நின்று மூச்சு விடுவதுபோல் கேட்டது. திடீரென்று டேப் நின்றது. கையை நீட்டினேன்.

உருண்டையாக, வழவழவென்று, சில்லென்று ஏதோ தட்டுப்பட்டது.

விளக்கைத் திருப்பினேன். தலை. முடியில்லாத தலை. அதிலிருந்து மஞ்சளாகப் புகை கிளம்பிக்கொண்டிருந்தது.

பயத்திலும் என் கடமையுணர்ச்சியைப் பாருங்கள்: பலகையில் 'தலை – 1, ஆழம் 6 மீ' என்று எழுதிவிட்டுத்தான் ஓடினேன். மூச்சை விட்டபடி மெதுவாக மேலேற வேண்டும் என்பது பயிற்சி. மூச்சை விட்டேன், அலறலாக.

"பொணம்! பொணம் கீது மேடம்!"

சபீனா மேடம் பலகையைப் படித்தார். என்னைப் பார்த்தார்.

"அது இருக்கட்டும். உங்க ஜோடி எங்க?"

அதுவரை பட்டது பயமே இல்லை. பாவாவை அந்தப் பிணத்தோடு தனியாக விட்டுவிட்டு வந்திருக்கிறேன். அக்காவின் முகம் தண்ணீர் முழுக்கத் தெரிந்தது. சபீனா மேடம் இறங்கத் தயாரானார். நானும் வருகிறேன் என்றேன். வாய்தான் சொன்னது. கால்கள் இரண்டும் கரைப்பாறையைக் கட்டிக்கொண்டன. எப்படியோ அவற்றைப் பிடுங்கி, கண்ணை மூடி, முகத்தைத் தண்ணீரில் அமிழ்த்திக் கண்ணைத் திறந்தேன்.

அந்தத் தலை நேராக என்னை நோக்கி ஏறி வந்துகொண்டிருந்தது.

இரண்டாவது அலறல் கனகம்மாசத்திரம் பஸ் ஸ்டாப் வரை கேட்டதாகச் சொல்வார்கள். தலை வெளியே வந்து வாயிலிருந்த குழாயைத் துப்பியது.

"ஏன் மச்சான், என் தலைய தடவிட்டு எங்க ஓடிப்போன? டேப்ப புடிச்சிகினு எவ்ளோ நேரம் தேடறது உன்ன?"

விடியற்காலையிலேயே மலையேறி முடி கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். நான் கிண்டல் செய்வேன் என்று தொப்பிக்குள் மறைத்திருக்கிறார். மழித்த தலையில் சந்தனம் வழுக்க, தொப்பி கழன்று போயிருக்கிறது.

"சொல்லியிருக்கலாம்ல பாவா!"

"ஆங், சொல்லிட்டா நீ சும்மா இருந்துடுவ!"

வரைபடம் இப்போது குவாரிக் கரையில் பலகையாக நிற்கிறது. ஆறு மீட்டர் ஆழத்துப் பாறைக்கு சபீனா மேடம் வைத்த பெயர் 'மச்சான் திட்டு'. பாவாவுக்குச் சுருட்டை முடி மறுபடி அடர்ந்துவிட்டது. ஆனாலும் வீட்டில் கரண்ட் போனால் இருட்டில் என் பக்கம் குனிந்து, "தொட்டுப் பாத்துக்க மச்சான், நான்தான்" என்பார். அக்கா விழுந்து விழுந்து சிரிப்பாள்.

நானும் சிரிப்பேன். தொட்டுப் பார்த்த பிறகு.